ஒப்புக்கு இருபது

சிவப்பு நாடா கட்டியவை இருபது.
நீல நாடா கட்டியவை இருபது.
சிவப்பின் வாயில் தினமும் ஐந்து மில்லி:
துத்தநாகம், தாமிரம், செலினியம், கோபால்ட்.
நீலத்தின் வாயில் அதே ஐந்து மில்லி,
காய்ச்சி ஆறிய வெறும் தண்ணீர்.
ஒப்புக்குச் சப்பாணி என்பார்களே, அதுதான் நீலம்.
கணக்கில் உண்டு, பந்தியில் இல்லை.

மார்ச் மாதத்துக் கோபி.
வெளியே காற்று மணலை அரைத்துக்கொண்டிருக்கிறது.
கம்பளிக் கூடாரத்தில் அடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூவர்,
அந்தப் பக்கம் நாற்பது குட்டிகள்.
எது யார் மூச்சு என்று பிரிக்க முடியாது.

ஆட்டுக்காரன் பெயர் நெர்குய்.
பெயரில்லை என்று பொருளாம்.
முன்னால் பிறந்த இரண்டும் தங்காததால்
எமன் விலாசம் தெரியாமல் திரும்பட்டும் என்று வைத்தது.
பெயரில்லாதவன் முப்பத்து நான்கைத் தூக்கிக் கொடுக்கிறான்.
கம்பளிப் பையின் நான்கு ஓட்டைகளில் நான்கு கால்கள்.
வில் தராசில் தொங்கியபடி
காற்றில் நடக்கிறது அது, எங்கோ அவசரமாக.
மூன்று கிலோ நூறு.
எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் நீலங்கள் தின்னத் தொடங்கின.
ஒன்றின் முதுகு மயிரை மற்றொன்று.
என் சட்டைப் பொத்தான். பென்சிலின் பின்பக்கம்.
அடுப்புக் காலின் துரு.
கையுறையைக் கழற்றினால்
மணிக்கட்டு வியர்வையை நக்கி நக்கி
தோல் எரியும்வரை விடாது முப்பத்து நான்கு.
'மயிர் தின்னல், நீலம், 11' என்று எழுதினேன்.
மருந்துப் பெட்டி மூன்றடி தள்ளி இருந்தது.
சாவி என் கழுத்தில்.

இருபத்தேழு செத்தது.
வயிற்றைக் கிழித்துப் பார்த்தேன்:
நெல்லிக்காய் அளவில் ஒரு மயிர் உருண்டை,
யாரோ உட்கார்ந்து உருட்டிய மாதிரி அத்தனை வழுவழுப்பு.
நெர்குய்யின் மனைவி துல்மா அதை வாங்கி
உள்ளங்கையில் ஒரு சுற்று சுற்றினாள்.
"இதற்கு உன் நோட்டில் எந்தக் கட்டம்?"
கட்டம் இருந்தது. காட்டினேன்.
அவள் படித்தாள், நிதானமாக, தலைப்பிலிருந்து.

ஆறாவது வாரம் நீலம் ஏறியது.
முப்பத்து நான்கு ஐந்து கிலோ எழுநூறு.
மாவு மூட்டையைக் கட்டிப் பார்த்தேன், தராசு சரி.
புட்டிகளை மாற்றிவிட்டேனோ என்று
முகர்ந்தேன், நாக்கில் தொட்டேன், திரும்ப எண்ணினேன்.
தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.
வரைதாளில் இரண்டு கோடுகளும்
கூப்பிடு தூரத்துக்கு வந்துவிட்டன.

ஒரு விடியலில் ஒன்றுக்குப் போக எழுந்தேன்.
பட்டியில் சிவப்பு மட்டும் படுத்திருந்தது.
உறைபனியில் குளம்புத் தடங்கள்,
நடுவே ஒரு ஜோடி பூட்ஸ்,
வற்றிய ஏரியைப் பார்த்து.
அதே தடத்தில் எதிரே வந்தார்கள்:
துல்மா, பின்னால் பத்தொன்பது,
மூஞ்சியெல்லாம் வெள்ளை,
மாவுச் சட்டியில் தலை விட்டாற்போல.

எத்தனை நாளாக, என்றேன்.
"அந்த உருண்டையைப் பார்த்த அன்றிலிருந்து."
நீலத்தை மட்டும் ஏன்?
"சிவப்புக்குத்தான் நீ இருக்கிறாயே."

கோபம் வந்திருக்க வேண்டும்.
இரண்டு வருடப் பணம்,
உலான்பாதரில் காத்திருக்கும் ஒரு பேராசிரியர்,
பாழாய்ப்போன நாற்பது வரிசைகள்.
வாயைத் திறந்தால், ஒவ்வொன்றும் எவ்வளவு நக்கியது,
கிராமில் சொல், என்று கேட்கிறேன்.
"வேண்டிய அளவு" என்று சொல்லிவிட்டு
பட்டிக் கதவைக் காலால் தள்ளினாள்.

அன்று தனியாக ஏரிவரை நடந்தேன்.
ஹுஜிர் என்கிறார்கள் அந்த வெள்ளை மண்ணை.
தரையெங்கும் பூத்துக் கிடந்தது,
நாக்குப் பட்ட இடங்கள் மட்டும் குழிகுழியாக.
சோதனைச்சாலைக்கு ஒரு பொட்டலம் கட்டினேன்.
அதில் என்ன இருக்கிறதென்று இன்னும் முடிவு வரவில்லை.
தாமிரம் இருக்கலாம்.
வெறும் சோடா உப்பாகவும் இருக்கலாம்,
குட்டிகள் வேறெதற்கோ வளர்ந்திருக்கலாம்.
விரலில் ஒட்டியதை நாக்கில் வைத்தேன்.
சோப்பு, கசப்பு, கொஞ்சம் பொறுத்து இரும்பு.
இன்னொரு தடவை வைத்தேன்.